இன்னும் மூன்று தரம்

செய்தி வந்தபோது மரியோ பெற்றோல் அடித்துக்கொண்டிருந்தான். பின் சீற்றில் மகள் நடாஷா இரண்டு காதையும் ஹெட்போனால் மூடியிருந்தாள். ஆகவே மாமியார் ஜோசப்பின் போனில் சொன்னதை மரியோவின் மனைவி ஸ்டெபனி ஒருத்தி மட்டுமே கேட்டாள்.

“பிள்ளை, பயப்பிடாதை. மாமா விடிய நெஞ்சடைக்குது எண்டு சொன்னவர். அம்புலன்ஸ் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருக்கு. இப்ப கண் முழிச்சுக் கதைக்கிறார். மரியோ எங்கை?”

“வெளியில நிக்கிறார் மாமி. குடுக்கட்டோ?”

“ஐயோ வேண்டாம். அவனுக்குச் சொல்லிப்போடாதை. ஓட்டத்தில இருக்கிறவனுக்கு உதுகள் சொல்லப்படாது. போய் இறங்கினாப் பிறகு சொல்லு.”

ரொறன்ரோவில் எங்கள் ஆட்களிடம் இது எழுதாத சட்டம். ஸ்ரியறிங் பிடித்திருப்பவனிடம் கெட்ட செய்தி சொல்லக்கூடாது. மொன்றியோலிலிருந்து வந்துகொண்டிருந்த இக்னேசியஸ் அண்ணைக்கு யாரோ ஒரு அவசரக்காரர் தாயின் சாவைப் போனில் சொல்லப்போக, கார் கோர்ன்வோலுக்குக் கிட்டப் பள்ளத்தில் பாய்ந்தது. ஆள் தப்பினார், இடது கால் தப்பவில்லை. அதன் பிறகு எல்லாரும் கவனம். உயிர் இருந்தால் ‘கெதியா வாங்கோ’ என்பார்கள். போய்விட்டால் ‘ஆறுதலா வாங்கோ’ என்பார்கள். கேட்பவனுக்கும் விளங்கும். விளங்கியதாகக் காட்டிக்கொள்ள மாட்டான்.

மரியோ கையை ஊதிக்கொண்டு காருக்குள் ஏறினான்.

“ஆர் போன்?”

“மாமி. சாப்பிட்டியளோ எண்டு கேட்டவா.”

“அப்பா ஏதும் சொன்னவரோ?”

“இல்லை.”

பொய் சொல்ல இவ்வளவு குறைந்த நேரம்தான் எடுக்கும் என்று ஸ்டெபனிக்கு அதுவரை தெரியாது. அதைவிடப் பெரிய அதிர்ச்சி, பொய்யைச் சொல்லி முடித்ததும் நெஞ்சுக்குள் இறங்கிய நிம்மதி. மாமியே சொல்லவேண்டாம் என்று சொல்லிவிட்டார். பயணம் நிற்காது.

இந்தப் பயணத்துக்காக அவள் மூன்று வருடம் காத்திருந்தாள். உண்மையைச் சொன்னால் இருபத்தாறு வருடம். ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் இருபத்திரண்டாம் மாடியில் வளர்ந்தவள் அவள். ஆறாம் வகுப்பில் பள்ளிக்கூடம் முழுப் பேரையும் பனிமலைக்குக் கூட்டிப்போனது. “கால் முறிஞ்சால் ஆர் பாக்கிறது?” என்று அம்மா படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை. அன்று முழுநாளும் நூலகத்தில், காய்ச்சல்காரப் பெடியன் ஒருவனோடு உட்கார்ந்து அவள் உலக வரைபடத்துக்கு நிறம் தீட்டினாள். நடாஷாவுக்கு இப்போது பத்து வயது. அதே நூலகத்தில் தன் மகள் இருக்கக்கூடாது என்பது ஸ்டெபனியின் பிடிவாதம்.

மரியோவுக்குத்தான் நேரமில்லை. விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் வேலை, சனி ஞாயிறில் டெலிவரி. ஏழு வருடத்தில் முதல்முறையாக மார்ச் விடுமுறைக்கு ஒரு கிழமை லீவு கிடைத்தது. லொரன்ரியன் மலையடிவாரத்தில், விறகடுப்பு வைத்த வட்டக் கூடாரம் ஒன்றை ஸ்டெபனி நாலு நாளைக்குப் பதிவு செய்தாள்.

அதற்குத்தான் மாமா அமிர்தநாதர் குறுக்கே விழுந்தார். மார்ச் விடுமுறை என்றால் அது தவக்காலத்துக்குள்தான் வரும். ஒவ்வொரு வருடமும் அதே சண்டை. போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் வைத்தே தொடங்கினார்.

“தவசு காலத்தில களியாட்டம் கேக்குதோ? ஈஸ்ரர் முடியப் போனால் மலை ஓடிப்போகுமே?”

“பனி ஓடிப்போகும் அப்பா,” என்றான் மரியோ.

“வாய் மட்டும் குறைவில்லை.”

“ஏழு வருசம் மாடு மாதிரி உழைச்சனான். ஒரு கிழமை சிரிச்சால் உங்களுக்குப் பொறுக்கேல்லை.”

அவர் மகள் யூஜினியின் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். மாமாவும் மாமியும் அஜக்ஸில் மகள் யூஜினியோடு இருந்தார்கள். குடும்பத்தில் யார் தூரப் பயணம் போனாலும் அந்த வாசலில் காரை நிறுத்த வேண்டும். அமிர்தநாதர் செருப்போடு இறங்கி வந்து, கட்டைவிரலால் முன்கண்ணாடியில் ஒரு சிலுவை போடுவார். போட்டுவிட்டு “சரி, ஓடு” என்பார். அந்த விரல் தடம் ஒரு மாதத்துக்குக் கண்ணாடியில் கிடக்கும்.

இன்று காலை ஏழரைக்கு அஜக்ஸ் எக்ஸிற் பலகை வந்தபோது மரியோ கண்ணாடியைப் பார்த்து, சிக்னல் போடக் கையைக் கொண்டுபோனான்.

“இப்ப இறங்கினால் பேச்சு வாங்கத்தான் நேரம் சரி,” என்றாள் ஸ்டெபனி. “வரேக்க போவம் என்னப்பா.”

அவன் கையை எடுத்துவிட்டான். மாமாவுக்கு நெஞ்சடைத்தது எட்டு மணிக்கு.

*

மலையடிவாரத்துக்குப் போய்ச் சேர மூன்று மணியாகிவிட்டது. கூடாரம் இருந்த காட்டுக்குள் போனுக்கு ஒரு கோடுகூட வரவில்லை.

“நல்லதாப் போச்சு,” என்றான் மரியோ. “சுப்பவைசர் கூப்பிடேலாது.”

இறங்கியாயிற்று. மாமி சொன்ன தவணை முடிந்தாயிற்று. ஸ்டெபனி சாமான்களை இறக்கிக்கொண்டே வாய்க்குள் வசனத்தைக் கட்டினாள். ‘என்னப்பா, பதறாதையுங்கோ.’ அவன் அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்து ஈர விறகோடு போராடிக்கொண்டிருந்தான். கண் சிவந்து, மூக்கு ஒழுகி, தலைமயிரில் சாம்பல்.

“யாழ்ப்பாணத்தான் அடுப்பு மூட்டத் தெரியாமல் செத்தான் எண்டு பேப்பரில வரப்போகுது,” என்றான்.

“யூட்யூப்ல பாருங்க அப்பா,” என்றாள் நடாஷா.

“சிக்னல் எங்கை பிள்ளை கிடக்கு?”

“தென் வீ ஆர் டூம்ட்.”

அடுப்பு பற்றியது. மூன்று பேரும் பெரிய வெற்றிபோலக் கைதட்டினார்கள். ஒடியல் கூழில்லை, ஆட்டிறைச்சி இல்லை, தவக்காலத்து மீன் ரின் ஒன்றைச் சூடாக்கிப் பாணோடு சாப்பிட்டார்கள். நடாஷா வெளியே போய்ப் பனியில் விழுந்து கிடந்து கையையும் காலையும் அடித்துத் தேவதை உருவம் செய்தாள். மரியோ கூடார வாசலில் நின்று அவளைப் பார்த்தான்.

“ஸ்டெபி, நான் அப்பாவோட அப்பிடிக் கதைச்சிருக்கக்கூடாது.”

அவள் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

“வழியில ஒரு போத்தல் மேப்பிள் பாணி வேண்டுவம். இஞ்சதானே நல்லது. தவசு முடிஞ்சாப் பிறகு மனுசன் பாணுக்கு விட்டுத் தின்னும். அதோட கோவமும் போயிடும்.”

அதுதான் சொல்லவேண்டிய நேரம். கதவு அகலத் திறந்து கிடந்தது. ஆனால் வெளியே இருட்டத் தொடங்கிவிட்டது. இப்போது சொன்னால் இவன் இந்த இருட்டில், இந்தப் பனியில் காரை எடுப்பான். ஸ்டெபனி தனக்குத்தானே சொன்ன நியாயம் அது. நல்ல நியாயம்தான். அதற்குப் பின்னால் இன்னொன்று ஒளிந்திருந்ததும் அவளுக்குத் தெரியும். நாளைக் காலை ஒன்பதுக்கு நடாஷாவின் முதல் ஸ்னோபோட் வகுப்பு.

“ஓம், வேண்டுவம்,” என்றாள்.

*

மறுநாள் வெயில் எறித்தது. மரியோவிடம் பனிமலைக்கென்று உடுப்பு இல்லை. வேலைக்குப் போடுகிற மஞ்சள் ஜக்கற்றைப் போட்டு வந்தான். நெஞ்சிலும் முதுகிலும் வெள்ளிப் பட்டி மின்னியது.

“அப்பா, யூ லுக் லைக் அ ட்ராஃபிக் கோன்.”

“அப்ப ஒருத்தரும் என்னை இடிக்க மாட்டினம்.”

வாடகைக் கடையில் மூன்று பேருக்கும் பனியில் சறுக்கும் பலகை எடுத்தார்கள். நடாஷாவுடையது ஊதா நிறம், அடியில் ஒரு நரியின் முகம். ஒரு மணிநேரம் அடிவாரத்தில் விழுந்து எழும்பிப் பழகியபின், பயிற்றுவித்த பெட்டை அவர்களைச் சின்ன நாற்காலி லிஃப்ற்றில் மேலே அனுப்பினாள்.

உச்சியில் இறங்கியதும் ஸ்டெபனியின் போன் உயிர் பெற்றது. ஜக்கற் பையில் அது நாலு தரம் துடித்தது. மூன்று தவறிய அழைப்பு, ஒரு குரல் பதிவு. நேரம் பத்து நாற்பது.

மரியோவும் நடாஷாவும் முன்னால் போய்விட்டார்கள். அவள் ஹெல்மெற்றைக் கழற்றிப் போனைக் காதில் வைத்தாள்.

“பிள்ளை, இப்ப சொல்லு. டொக்ரர் பிள்ளையளைக் கூப்பிடச் சொல்லிட்டார். மரியோவைக் கெதியா வரச்சொல்லு. மாமா அவனைத்தான் கேக்கிறார்.”

பிறகு ஏதோ சரசரத்தது. போனை யாரோ கிட்டக் கொண்டுபோகும் சத்தம். மூச்சு வாங்கும் ஒரு குரல். மகனைத் தம்பி என்று கூப்பிடும் அமிர்தநாதரின் குரலேதான், ஆனால் பாதியாய்க் குறைந்திருந்தது.

“தம்பி… எங்கை வந்திட்டான்?”

அவ்வளவுதான். ஸ்டெபனி போனைப் பார்த்தபடி நின்றாள். கீழே சரிவில் மஞ்சள் ஜக்கற் ஒன்று குப்புற விழுந்து கிடந்தது. அதற்குப் பக்கத்தில் ஊதாப் பலகை. நடாஷா தகப்பனைத் தூக்கிவிடப் போய்த் தானும் விழுந்தாள். இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் மேலே வரை வந்தது. மரியோ இப்படிச் சிரித்து அவள் எப்போது கேட்டாள்? கலியாணமான புதிதிலா?

மாமி பெரிதுபடுத்திச் சொல்லுகிற ஆள். இரண்டு வருடத்துக்கு முதல் கிறிஸ்மஸ் அன்று இப்படித்தான், “மாமா போகப்போறார்” என்று அழுதார். எல்லாரும் விருந்தை விட்டு ஓடினார்கள். பார்த்தால் வாய்வு. அன்று மாமா கட்டிலில் உட்கார்ந்து, “வந்தனீங்கள் றோல்ஸ் கொண்டு வந்திருக்கலாம்” என்றார்.

ஒரு தரம், என்று ஸ்டெபனி நினைத்தாள். நடாஷா இன்னும் ஒரு தரம் கூட விழாமல் கீழே வரவில்லை. ஒரே ஒரு தரம் வரட்டும். பிறகு சொல்லுகிறேன்.

அந்த ஒரு தரம் நடாஷா பாதி வழியில் விழுந்தாள்.

இரண்டாம் தரம் சரிவு முடிகிற இடத்தில் விழுந்தாள். அதன் பிறகு கால் நடுங்குகிறது, பசிக்கிறது என்றாள். சூடான சொக்லேற் குடித்தார்கள். உருளைக்கிழங்குப் பொரியல் வர நேரமெடுத்தது. ஸ்டெபனியின் பையில் போன் கல்லாய்க் கனத்தது. அடிவாரத்தில் சிக்னல் இல்லை, அதனால் அது துடிக்கவுமில்லை. அது அவளுக்கு வசதியாகவும் இருந்தது.

“வன் மோர் ரைம், ப்ளீஸ்,” என்றாள் நடாஷா.

மரியோ மனைவியைப் பார்த்தான். “என்ன சொல்லுறீர்?”

அவன் தன்னிடம் கேட்டான் என்பதை ஸ்டெபனி பிறகு ஆயிரம் தரம் நினைத்துப் பார்க்கப்போகிறாள்.

“சரி,” என்றாள். “போயிட்டு வாங்கோ. நான் கீழ நிண்டு பாக்கிறன்.”

மூன்றாம் தரம் நடாஷா விழவில்லை. உச்சியிலிருந்து அடி வரை, கையை விரித்து, வாயைத் திறந்து, ஒரே வீச்சில் வந்தாள். பின்னால் மரியோ ஒரு கையால் போனைப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டு, மறு கையைக் காற்றில் துழாவிக்கொண்டு வந்தான். மகள் வந்து ஸ்டெபனியை மோதிக் கட்டிப்பிடித்தாள். கன்னம் ஐஸ். இருபத்தாறு வருடம் காத்திருந்த கணம் அதுதான். அதற்குள் எந்தச் சந்தோசமும் இருக்கவில்லை.

மணி ஒன்றே முக்கால்.

“என்னப்பா, கொஞ்சம் இஞ்சால வாங்கோ.”

சொன்னாள். நேற்று நெஞ்சடைத்ததைச் சொன்னாள். மாமி சொல்லவேண்டாம் என்றதைச் சொன்னாள். குரல் பதிவைப் போட்டுக் காட்டி, ஒரு கோடு சிக்னல் வந்த நேரம் அது இறங்கியது என்றும் சொன்னாள்.

“எப்ப வந்தது?”

“இப்பதான்,” என்றாள்.

*

கூடாரத்துச் சாமான்களை வாரிச் சுருட்டிக் காரில் எறிந்தார்கள். இரண்டு மணிக்குப் புறப்பட்டார்கள். நடாஷாவின் வாடகைப் பலகையைத் திருப்பிக் கொடுக்க யாருக்கும் நினைவு வரவில்லை. அது பின்னால் அங்குமிங்கும் சறுக்கிக்கொண்டே வந்தது.

கோர்ன்வோலில் மாமி கூப்பிட்டார். குரல் காருக்குள் நிறைந்தது.

“எங்க ராசா நிக்கிறாய்?”

“கோர்ன்வோல் அம்மா. அப்பா?”

“இருக்கிறார். மாஸ்க் போட்டிருக்கு. கதைக்கேலாது. கெதியா வா மகன்.”

கெதியா. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு மரியோ நூற்றி இருபத்தைந்தில் ஓடினான். ஸ்டெபனி அவன் தொடையில் கை வைத்தாள். அவன் அந்தக் கையை எடுத்து ஒரு தரம் அழுத்திப் பிடித்தான். “நீர் என்ன செய்வீர் பாவம், அம்மா சொல்லாதை எண்டால்,” என்றான். அந்தத் தொடுகையைத் தாங்க முடியாமல் அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

கிங்ஸ்ரன் போனது. பெல்வில் பலகை தெரிந்தபோது மணி ஆறே கால். போன் அடித்தது. இந்த முறை அக்கா யூஜினி.

“தம்பி, எங்கை?”

“பெல்வில் வருது அக்கா. இன்னும் ஒண்டரை மணித்தியாலம்.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். பின்னால் யாரோ செபமாலை சொல்லும் சத்தம்.

“ரோட்டெல்லாம் சறுக்கும். பிள்ளையும் இருக்கிறாள். ஆறுதலா வாங்கோ.”

“ம்,” என்றான் மரியோ.

போன் தானாக நின்றது. அவன் அழவில்லை. அவன் வலது கால் மட்டும் மெல்ல மேலே எழும்பியது. நூற்றி இருபத்தைந்து நூற்றிப் பத்தானது. நூறானது. அவன் வலப்பக்கத்து மெதுவான பாதைக்கு மாறி ஒரு லொறியின் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டான்.

“அப்பா, வை ஆர் வீ ஸ்லோயிங் டவுன்?” என்று பின்னாலிருந்து கேட்டாள் நடாஷா.

“ரோட்டு சறுக்கும் எண்டு யூஜினி மாமி சொல்லுறா பிள்ளை.”

ரோட்டு காய்ந்து கிடந்தது. ஸ்டெபனி மனதுக்குள் கணக்குப் போட்டாள். போடாமல் இருக்க முடியவில்லை. பத்து நாற்பதுக்குச் சொல்லியிருந்தால் பதினொன்றேகாலுக்குப் புறப்பட்டிருக்கலாம். ஐந்து மணிக்கு அஜக்ஸ். மாமா போனது ஆறு பத்துக்கு என்று பிறகு தெரிந்தது. ஒரு மணித்தியாலம் பத்து நிமிடம், மகனின் கை அவர் கைக்குள் இருந்திருக்கும்.

*

செத்த வீட்டில் எல்லாரும் ஸ்டெபனியைத்தான் மெச்சினார்கள்.

“கெட்டிக்காரப் பிள்ளை. ஓட்டத்தில இருக்கேக்க சொல்லாமல் விட்டது எவ்வளவு நல்லது,” என்றார் இக்னேசியஸ் அண்ணை, கோலை ஊன்றிக்கொண்டு. மாமி அவள் தலையைத் தடவி, “மலையில செய்தி கிடைச்ச உடன கூட்டிக்கொண்டு வந்திட்டாள் என்ரை பிள்ளை,” என்று வந்தவர்களுக்கெல்லாம் சொன்னார். ஸ்டெபனி ஒவ்வொரு தரமும் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து அஜக்ஸ் வீட்டில் சாப்பாடு. யூஜினி கேட்க, மரியோ தன் போனை எடுத்து நடாஷாவின் வீடியோவைக் காட்டினான். ஒரு மாதமாக அவன் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். விழாமல் வருகிறாள் நடாஷா. பின்னால் மரியோவின் சிரிப்பு.

“உதாவது மிஞ்சிச்சுதே,” என்றார் மாமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

சாப்பிட்டவர்கள் கலைந்தபின் மரியோ கராஜுக்குப் போனான். அந்த ஊதாப் பலகையை அட்டையால் சுற்றி, தபாலில் அனுப்ப ஆயத்தம் செய்துகொண்டிருந்தான். ஸ்டெபனி வாசலில் வந்து நின்றாள்.

“ஒரு முனையைப் பிடியும்.”

பிடித்தாள். நரியின் முகம் அட்டைக்குள் மறைந்தது.

“அந்த வொய்ஸ் மெசேஜ்,” என்றாள். “இப்பதான் வந்தது எண்டு சொன்னனான். அது பொய் மரியோ. பத்து நாப்பதுக்கு வந்தது. அப்பவே கேட்டனான்.”

ஒட்டுநாடாவை இழுக்கும் சத்தம் நின்றது.

“கேட்டிட்டு?”

“நடாஷா ஒரு தரம் விழாமல் வரட்டும் எண்டு நினைச்சனான். மாமி வழமைபோலச் சொல்லுறா எண்டு… ஒரு தரம் எண்டுதான்.”

மரியோ பலகையைப் பார்த்தான். அவன் உதடு அசைந்தது. அவனும் எண்ணுகிறான் என்பது அவளுக்கு விளங்கியது.

“மூண்டு தரம்,” என்றான்.

“ஓம்.”

“கடைசித் தரம் நான் உம்மட்டைக் கேட்டனான்.”

“ஓம்.”

மேலே குழாயில் தண்ணீர் ஓடியது. பிறகு அவன் சட்டைப் பைக்குள் இருந்த போனைத் தொட்டுப் பார்த்தான், சுடுகிற பொருளைத் தொடுவதுபோல.

“அந்த வீடியோவில நான் சிரிக்கிற சத்தம் கேக்கும்,” என்றான். “அம்மாக்குப் போட்டுக் காட்டினனான்.”

அவன் ஒட்டுநாடாவை வெட்டினான். பொட்டலத்தைத் தூக்கிக் காரில் வைத்தான். ஸ்டெபனி பேச்சுக்காகக் காத்து நின்றாள். பேசட்டும், கத்தட்டும், காறித் துப்பட்டும். அவன் காரை எடுத்துப் பின்னுக்கு வந்து, அவளுக்கு நேரே நிறுத்தி, கண்ணாடியை இறக்கினான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“அம்மாக்குச் சொல்லிப்போடாதையும்,” என்றான். “அவ தாங்க மாட்டா.”

கார் வீதியில் இறங்கியது. யார் வெளிக்கிட்டாலும் அவள் வாயில் வருகிற வசனம் இன்றும் வந்தது. ‘ஆறுதலா ஓடுங்கோ.’ அதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு கராஜ் கதவை இறக்கினாள்.

“பிள்ளை,” என்று உள்ளேயிருந்து மாமி கூப்பிட்டார். “விடியத் துவக்கம் நிண்ட கால்ல நிக்கிறாய். இஞ்ச வா, எனக்குப் பக்கத்தில கொஞ்சம் இரு.”

ஸ்டெபனி உள்ளே போய் அவர் பக்கத்தில் இருந்தாள்.